மாமா என்று ஒரு குரல்

ஆம்பூர் சந்தைக்குப் போகும் வழியில், பாலாற்று மணலில் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று புதைந்து நின்றது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அப்பா நினைவுக்கு வந்தார்.

அவரும் தோல் வண்டிதான் ஓட்டினார். ஆள் நடமாட்டம் குறைந்த நாளில் சக்கரம் புதைந்தால், எதிரே வருகிற ஒருத்தர் கேட்காமலே தோள் கொடுப்பார். சந்தை நாளிலோ அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். சொந்தத் தாய்மாமனிடமே முகம் கொடுத்துப் பேசாத அப்பா, அப்போது முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, “மாமா, இந்தச் சக்கரத்த கொஞ்சம் புடிங்க” என்பார். அவர் கை வைத்ததும் பத்துப் பேர் வந்துவிடுவார்கள்.

இன்றைய வண்டிக்காரன், “யாராவது வாங்களேன்” என்று பொதுவாகக் கத்திக்கொண்டிருந்தான். வெயில் வேறு, எனக்கு முதுகுவலி வேறு. கூட்டத்தோடு நானும் நின்றிருந்தேன், என்னைப் பார்த்து மாமா என்று கூப்பிட்டுவிடக் கூடாதே என்று.