நூற்றுப் பதினான்காம் பக்கம்

ஆனி மாதக் கடைசிச் செவ்வாய், மாலை நாலு மணி. கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை ஒட்டிய என் ஜெராக்ஸ் கடைக்கு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள் என்பது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலிருந்து தெரிந்தது. கோயில் கோட்டைக் கதைப் புத்தகம் நகலெடுக்க என்னிடம் வந்துவிட்டதா என்று கேட்டாள். முந்தின நாள் காலையில் வந்தது என்றேன். வருகிற புத்தகம், போகிற புத்தகம் எல்லாவற்றுக்கும் நான் நாள் குறித்து வைப்பவன்.

"அத நான் படிச்சுப் பாக்கணும்ணா. எந்தத் தப்புக்கு எங்கப்பா வருஷா வருஷம் தொடப்ப அடி வாங்கிக்கினு நின்னாரோ, அந்தத் தப்பு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு பாக்கணும்."

அவள் கேட்டது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடி மாதம் பத்து நாள் பிற்பகலில் ஒரு பழைய கதையைப் பாட்டாகப் படித்துப் பொருள் சொல்வார்கள். புத்தகத்தின் அட்டை போய்விட்டது, அதோடு பெயரும் போய்விட்டது. ஒரு ராஜா, ஒரு முற்றுகை, கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட ஒரு காவலன். மூலத்திலேயே அவனுக்குப் பெயர் கிடையாது, ஊரில் காவக்காரன் என்பார்கள். பத்தாம் நாள் அவனை வைக்கோலில் கட்டி நிறுத்துவார்கள். பெண்கள் வரிசையாக வந்து துடைப்பத்தால் அடிப்பார்கள். அந்த வருஷத்துக் கஷ்டமெல்லாம் அதோடு கழியும் என்று நம்பிக்கை. அடிபட்ட வைக்கோலை ஏரிக்கரையில் வீசிவிடுவார்கள். துரோகியின் வைக்கோல் என்று மாட்டுக்குக்கூடப் போட மாட்டார்கள்.

பொம்மையைக் கட்டுவது ஒரே வீட்டின் வேலை. கட்டியவரே பின்னால் நின்று அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி அடி வைக்கோலில் விழும், மீதி அவர் கையிலும் தோளிலும் விழும். அந்த வீட்டுக்கே காவக்காரன் வூடு என்று பெயர். அவளுடைய அப்பா மாசியில் இறந்துபோனார். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. இந்த ஆடியில் பின்னால் நிற்க வேண்டியவள் அவள்தான்.

புத்தகத்தைக் கொடுத்தேன். நின்றபடியே ஒன்பதாம் நாள் பகுதியைப் படித்தாள்.

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைக்கு நகலெடுக்க வரும் புத்தகம் எதையும் நான் படிக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. காப்பியம், நாடகம், மொழிபெயர்த்த வெளிநாட்டுப் பெருங்கதைகள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் தயவில் படித்தவைதான். படிக்கும்போது நோட்டில் மூன்று கட்டம் போடுவேன். ஒரு பாத்திரம் என்ன செய்தது, ஏன் செய்தது, அந்தக் காரணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. பக்க எண் போட முடியாத காரணம் கதையில் இல்லாத காரணம், நாமாகக் கட்டிவிட்டது என்பது என் கட்சி. காவக்காரனுக்கும் எழுதியிருந்தேன்: கதவைத் திறந்தான், நிலத்தாசை, பக்கம் 113.

அவள் அந்த நூற்றுப் பதின்மூன்றில் விரல் வைத்து நிமிர்ந்தாள். எதிரியின் தூதன் வருகிறான், கதவைத் திறந்தால் ஏழு ஊர் தருவதாகச் சொல்கிறான், பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தில் படை உள்ளே வந்துவிடுகிறது. "இவன் சரின்னு சொன்னது எங்கண்ணா?" என்று கேட்டாள்.

அடுத்த பக்கத்தின் எண் 116. அது எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்பே பார்த்து, நோட்டின் ஓரத்தில் 'அச்சகத்தில் எண் பிழை' என்று எழுதியும் வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அந்தத் தாளை இரண்டு விரலால் தேய்த்தாள். தாள் உப்பியது. ஒரு தாள் இல்லை, இரண்டு. பழைய நாளில் அச்சான பெரிய தாளை மடித்துக் கட்டி, பிறகு ஓரத்தை வெட்டுவார்கள். இந்த ஒரு மடிப்பு மட்டும் வெட்டுப்படாமல் தப்பியிருக்கிறது. 114, 115 இரண்டும் உள்ளே மூடியபடி இருந்தன. வருஷா வருஷம் இந்தப் புத்தகத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து நகலெடுத்தவன் நான். ஒரு தடவைகூட என் விரலுக்கு அது தட்டுப்படவில்லை.

மற்ற பக்கங்களிலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் விரல் அழுக்கும் ஏறியிருக்க, ஒன்பதாம் நாள் பக்கங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. காரணம் யோசிக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் நாள் கூழ் வார்க்கிற நாள். மூன்று மணிக்கே சனம் குண்டானோடு வரிசையில் நிற்கும். அன்றைக்குப் படிப்பு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். படிப்பவர் தூதன் வந்ததைப் பாடிவிட்டு, "ஏழு ஊருக்கு ஆசைப்பட்டுக் கதவத் தொறந்தான்" என்று தன் வாயால் சொல்லித் தாளைத் திருப்பிவிடுவார். அவருக்கு முன்னால் படித்த அவர் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். கூழுக்கு நேரமாகிறது என்பதற்காகச் சொன்ன ஒரு வரி எங்களுக்குக் கதையாகிவிட்டது. நான் அதற்குப் பக்க எண் வேறு போட்டிருந்தேன்.

புத்தகம் கோயிலுடையது, அதை வெட்ட எனக்கு உரிமையில்லை. அந்த ஞாயிறு காலை இருவருமாக விழாக்குழுத் தலைவர் வீட்டுக்குப் போனோம். கரும்பு போடும் பெரிய விவசாயி அவர். கதை படிக்கும் உரிமையும் அவர் வீட்டுக்குத்தான். தாளைத் தடவிப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"முப்பது வருஷமா நான் படிக்கிற புக்கு. எனக்குத் தெரியாம இதுல ஒரு பக்கமா?"

"உங்களுக்குத் தெரியல. எங்கப்பாவும் தெரியாமலே செத்துட்டாரு தலைவரே" என்றாள்.

அவர் ஒப்பவில்லை. இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். பெண்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்து அடிக்கிற அடி, அதைக் கெடுக்கக் கூடாது என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை. போன வருஷம் கடலோரப் பனித்திட்டில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், அந்த வைக்கோலை அடித்துவிட்டுத்தான் வாய்விட்டு அழுதாள். அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் அசையவில்லை. இந்தப் பக்கத்தை ஒன்பதாம் நாள் படித்தால்தான் தன் வீட்டிலிருந்து வைக்கோல் வரும் என்று சொல்லிவிட்டாள்.

"வேற வூட்ல கட்டிக்கிறோம், வுடு."

"கட்டிக்கிங்க. கட்டறதுக்கு ஆள் கெடைக்கும். பின்னால யாரு நிப்பா?"

உள்ளேயிருந்து தலைவர் மனைவியின் குரல் வந்தது. "நீங்களே நின்னுடுங்களேன். எங்கிட்டயும் ஒரு தொடப்பம் இருக்குது."

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். கடையிலிருந்து கொண்டுபோயிருந்த ஸ்டீல் ஸ்கேலை மடிப்புக்குள் விட்டு மெதுவாக அறுத்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

காவக்காரன் ஏழு ஊரும் வேண்டாம் என்று தூதனைத் திருப்பி அனுப்புகிறான். நூற்றுப் பதினான்காம் பக்கத்தின் நடுவிலேயே அது முடிந்துவிடுகிறது. பிறகு பெருமழை. ஏரி உடைகிறது. பள்ளத்து ஊர்ச் சனம் பிள்ளை குட்டியோடும் மாட்டோடும் கோட்டைக் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது. கதவைத் திறக்கக் கூடாது என்பது ராஜாவின் கட்டளை. காவக்காரன் உத்தரவு கேட்டு இரண்டு முறை அரண்மனைக்கு ஆள் அனுப்புகிறான். பதில் இல்லை. அப்போது கூட்டத்தில் இடுப்பில் குழந்தையோடு தன் தங்கை நிற்பதைப் பார்க்கிறான். திறந்துவிடுகிறான். சனத்தோடு சனமாக எதிரிப் படையும் நுழைகிறது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தியா? தங்கச்சிக்காவத் தொறந்தான். ஊருக்காவவா தொறந்தான்?"

அந்தப் பக்கத்தில் குற்றமில்லாத ஒருவனைத்தான் நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஆனால் அவள் விடவில்லை.

"தங்கச்சியப் பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ ஆள் அனுப்பிச்சானே, அது யாருக்காவ?"

தலைவர் மறுபடி கண்ணாடியைப் போட்டுப் பக்கத்தைப் பார்த்தார். இருந்தது. அதை நானும் கவனிக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்த இரண்டு பக்கத்தையும் படிப்பதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார். அன்று பிற்பகல் கடைக்கு வந்து நோட்டில் 'நிலத்தாசை'யை அடித்தேன். இரக்கம், ராஜா பதில் சொல்லாதது, தங்கை என்று எழுதினேன். ஒரே செயலுக்கு மூன்று காரணம் நான் எழுதியது அதுவே முதல் தடவை. எது முதலாவது என்று மட்டும் எழுத முடியவில்லை. அந்தக் கதையைப் பாட்டாக எழுதியவரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு நான் செய்யத் துணிந்ததையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். தலைவருக்குக் கண் மங்கல் என்பதால் அவர் படிப்பது நான் பெரிதாக்கிக் கொடுக்கும் நகலில்தான். தங்கை வரும் நாலு வரியை மட்டும் நகலில் விட்டுவிடலாமா என்று அடுத்த வாரம் அவளைக் கேட்டேன். அந்த நாலு வரி இல்லாவிட்டால் காவக்காரன் மேல் ஒரு சொல் விழாது, அவள் வீட்டின் மேலும் விழாது. உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"ரெண்டு பக்கம் மூடிக் கெடந்து இவ்ளோ நாளு ஆச்சு. நீ வேற நாலு வரிய மூடாதண்ணா" என்றாள். "தங்கச்சி நிக்கிறத பாத்தா யாருதான் தொறக்க மாட்டாங்க? இருக்கறத இருக்கறபடி படிக்கட்டும்."

அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அந்த ஆடியில் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குக் குண்டான்கள் வரிசையில் வந்துவிட்டன. படிப்பு முழுசாக முடிந்த பிறகுதான் கூழ் என்று தலைவர் அறிவித்ததும் முணுமுணுப்பு எழுந்தது. கூழ் ஆறுதுப்பா என்று பின்னாலிருந்து ஒருவர் இரண்டு முறை சொன்னார். தலைவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஏழு ஊர் வேண்டாம் என்ற இடத்தில் வரிசை சத்தம் குறைந்தது. ஏரி உடைந்த இடத்தில் அடங்கிவிட்டது. பாகூர் ஏரிப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு ஏரி உடைவதை விளக்க வேண்டியதில்லை. தங்கை வரும் வரிகளைத் தலைவர் ஒரு பேச்சும் சேர்க்காமல் படித்தார். அவர் பொருள் சொல்லாமல் விட்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மறுநாள் பிற்பகல் அவள் சொன்னபடி வைக்கோல் ஆளைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு சவுக்குக் கழி. கழியை நட்டு அதில் பொம்மையைச் சேர்த்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் முன்னால் வந்து பெண்களோடு நின்றுகொண்டாள். பின்னால் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். வரிசையின் முதலில் நின்ற பெண் துடைப்பத்தை ஓங்காமல் இவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, அடிக்கலாமா வேணாமா?"

"ஒன் இஷ்டம்க்கா. எதுக்குத் தொறந்தான்னு தெரிஞ்சு அடி."

அந்தப் பெண் அடித்தாள், ஆனால் ஒரே அடி. அடுத்தவள் துடைப்பத்தால் பொம்மையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். இரண்டு பேர் அடிக்காமலே போனார்கள். பனித்திட்டுப் பெண் போன வருஷத்தைப் போலவே ஓங்கி அடித்து அழுதாள். அவளை யாரும் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபோது ஒரு கை மட்டும் பிரிந்திருந்தது, தலை அப்படியே நின்றது. நோட்டில் அப்படியே எழுதினேன். 'எண் பிழை' என்று முன்பு எழுதியதை அடித்துவிட்டு 'என் பிழை' என்று எழுதி நாளும் போட்டேன்.

பொம்மையை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வந்தார்கள். அவள் அவர்களை விடாமல் தானே கட்டை அவிழ்த்தாள். கழியை ஒரு தோளில் சாய்த்து, வைக்கோலைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடுத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். நானும் கொஞ்ச தூரம் பின்னால் போனேன். வாசலில் கட்டியிருந்த மாட்டின் முன் அதைப் போட்டாள். மாடு ஒரு தடவை முகர்ந்தது. பிறகு தின்ன ஆரம்பித்தது.