சூல் நெல்லுக்கு ஒரு கூடை

கூடையில் யாரோ வரைகிறார்கள் என்று முதலில் சொன்னவள் நாகவேணிதான். என் தம்பி சௌடப்பாவின் மனைவி. வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று வந்து, எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரிந்தாள். தசரா கழிந்து வரும் பூமிப் பௌர்ணமி நெருங்கிவிட்டது. அந்த விரலோடு அவளால் கூடை வரைய முடியாது என்பதால், கீழ்த்தெருவிலிருந்து நான் தினமும் போய் வரைந்து கொடுத்தேன்.

அன்று நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, நேத்து நீங்க அடியில ரெண்டு வரிசைதானே போட்டீங்க? வந்து பாருங்க. மூணு இருக்கு."

போய்ப் பார்த்தேன். என் கோடு எனக்குத் தெரியும். நான் இழுத்தால் முடிகிற இடத்தில் கொஞ்சம் தடித்துவிடும். மூன்றாவது வரிசை தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவில், மயிரிழை பிசகாமல் ஓடியிருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

இது சந்தைக்கு எடுத்துப் போகிற கூடை இல்லை. பூமிப் பௌர்ணமி, வயலில் நெல் சூல் கொண்டு நிற்கிற நேரம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சீமந்தம் செய்வதுபோல மண்ணுக்கும் செய்ய வேண்டும். விதவிதமாகச் சமைத்து, விடியும் முன் இந்தக் கூடையில் வைத்துச் சுமந்துபோய், பூமித்தாயைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்வோம். மூங்கில் கூடைக்கு முதலில் சாணம், அது நன்றாகக் காய்ந்ததும் செம்மண், அதுவும் காய்ந்தபின் அரிசியை ஊறவைத்து அரைத்த வெள்ளை. புளிச்சைச் செடியின் நாரைக் கட்டித் தூரிகை. அவசரப்பட்டால் செம்மண் வெடித்துவிடும். அவசரப்படுகிறவர்களின் கூடையைத் தெருவில் எல்லோரும் அடையாளம் சொல்வார்கள்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நாகவேணி தூரிகையை மாவுக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு எழுந்துபோகிற ரகம். இங்கே நார் கழுவப்பட்டு, நுனி நீவப்பட்டு, ஆணியில் தலைகீழாகத் தொங்கியது. மாவில் ஏடு படியாமலிருக்கக் கிண்ணத்தின்மேல் பலா இலை கவிழ்த்திருந்தது. வந்தவர் யாரானாலும் நன்றாக வளர்க்கப்பட்டவர்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மகள் சாகர் டவுனில் ஹாஸ்டலில் படிக்கிறாள். மிச்சம் சௌடப்பா. அவனை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒன்றரை வருஷமாக அவன் எதற்கும் கை நீட்டியவன் இல்லை. வயலைக்கூட நாகவேணிதான் கூலியாள் வைத்து உழுது நட்டாள்.

என் தம்பி ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சாகரிலிருந்து எங்கள் பக்கத்துக் காட்டு ஊர்கள் வழியாகப் போகும் பஸ். அந்தத் தடத்தில் அவன் குரல் கேட்காத வளைவு கிடையாது. "முன்னால வாங்க, முன்னால வாங்க, உள்ள கல்யாணமே நடத்தலாம், அவ்ளோ இடம் இருக்கு" என்று அவன் கத்தினால், கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் இன்னும் பத்துப் பேர் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். ஏறுகிறவளின் மகளுக்குப் போன வாரம் காய்ச்சல் என்பது அவனுக்கு நினைவிருக்கும். கூடையிலிருந்து நழுவிய கோழிக்காகப் பஸ்ஸை நிறுத்தி, தானே இறங்கிப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். கண்டக்டர் அக்கா என்று எனக்குச் சந்தையில் வெற்றிலை ஒரு கவுளி கூடுதலாகக் கிடைக்கும்.

அவனுக்கு என்ன ஆனது என்று கேட்காதவர்கள் இல்லை. சண்டையா, நஷ்டமா, யாராவது செத்தார்களா? எதுவுமில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. ஒருநாள் பாதி வழியில் தோளில் தொங்கிய தோல் பையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, எதிர்ப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து படுத்தான். "தலைக்குள்ள யாரோ மூடி போட்டுட்டாங்க அக்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னான். சாகர் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதினார். மாத்திரை தூக்கத்தைத் தரும், மனசின் பாரத்தைக் குறைக்கும், ஆனால் கைக்கு ஒரு வேலையும் பக்கத்தில் நாலு ஆட்களும் வேண்டும், அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தோம். மற்றதை எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. ஆட்கள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

போன வருஷப் பௌர்ணமியன்று கூடை தயாராக இருந்தது. நாகவேணி வெள்ளரிக்காய் போட்டு அவித்த கடுபு, பலா இலைத் தொன்னையில் மாவு ஊற்றி வேகவைத்த கொட்டைக் கடுபு, ஹோளிகை என்கிற போளி எல்லாம் செய்து வைத்திருந்தாள். சௌடப்பா எழுந்திருக்கவில்லை. சுற்று வயல்களிலெல்லாம் ஆண்கள் பூமித்தாயைக் கூவி அழைக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வயலில் சத்தமில்லை. நான் போய்க் கூப்பிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். நாகவேணி வேண்டாம் என்றாள். வயலுக்குச் சொந்தக்காரன் குரல்தான் அந்த மண்ணுக்குத் தெரியும், வேறு ஆள் கூப்பிட்டால் எழுந்து வராது என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. சமைத்ததைப் பசுவுக்கு வைத்தாள். அழவில்லை. இந்த வருஷமும் அப்படி ஆகிவிட்டால் அடுத்த வருஷம் கூடையே வரைய மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னது கூடையைப் பற்றி மட்டுமில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ஆகவே மூன்றாவது வரிசையைப் போட்டது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டபின் கூடத்தில் தலைக்குக் கையை வைத்துப் படுத்து, கொஞ்சம் குறட்டையும் விட்டேன். நாகவேணி பாக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். உள்ளறைக் கதவு மெதுவாகத் திறந்தது. சௌடப்பா வந்து கூடையை மடியில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நாரைத் தோய்த்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஒருமுறை வழித்து, நாக்கின் நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு இழுத்தான். ஓடுகிற பஸ்ஸில் ஆடாமல் டிக்கெட் எழுதும்போது அவன் நாக்கு அப்படித்தான் வெளியே வரும். நான் குறட்டையை நிறுத்தவில்லை.

நாகவேணியிடம் மட்டும் சொன்னேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே, மாவு மட்டும் தினமும் புதிதாக அரைத்து வை என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. அவன் வரைவான், நாங்கள் பார்க்காததுபோல் இருப்போம். தேர், ஏணி, சூரியன், சந்திரன் எல்லாம் வந்தன. அப்புறம் ஹாலம்மா வந்தாள்.

ஹாலம்மா பக்கத்து வீடு. சௌடப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எங்கள் ஊரில் கூடை வரைவதில் அவளுக்கு மேல் ஆளில்லை, வாயிலும் இல்லை. மஞ்சள் நிறத்துக்கு ஊறவைக்கும் காட்டுக்காய் இரவல் கேட்டு வந்தவள், கூடையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளறையில் ஆள் இருப்பதும், வரைந்தது யார் என்பதும் அவளுக்குத் தெரியாது. நான் கண்ணைக் காட்டினேன். கவனிக்கவில்லை.

"கோடு யாருது? தங்கமா இருக்கு. ஆனா இந்த நெல்லைப் பாருடி. கதிர் தொங்குது. புள்ளை பெத்து எறக்கினவளுக்கா சீமந்தம் பண்ணப் போறீங்க?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி. பௌர்ணமிக் கூடையில் நெல்லைத் தண்டு பருத்ததாகத்தான் போடுவோம், கதிர் வெளியே வந்திருக்கக் கூடாது. நான் மூன்று நாளாகக் கோட்டின் அளவையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். உள்ளறைக் கதவையே நாகவேணி பார்த்தாள். அந்தக் கதவு இனித் திறக்காது என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நெல்லுன்னா கதிரோடதானே இருக்கும்?"

ஹாலம்மாவின் முகம் மாறியது ஒரு நொடிதான். உடனே சமாளித்துக்கொண்டாள். அதற்காக அவளை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். இரக்கப்பட்டுப் பேசியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"டேய் சௌடா, நீ வயலை எட்டிப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு? உன் நெல்லு எப்படி நிக்குதுன்னு என் மாட்டுக்குக்கூடத் தெரியும். போய்ப் பாத்துட்டு வந்து போடு."

"உன் மாடு பாத்துச்சா, தின்னுச்சா?"

"ரெண்டுந்தான். போ."

மறுநாள் காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெரு வழியாகப் போகாமல் பாக்குத் தோட்டத்துக்குள் புகுந்து போனான். நான் பின்னாலேயே போனேன். வழியில் குளம் இருக்கிறது என்பது ஒரு காரணம். என்ன செய்யப்போகிறான் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்பது இன்னொன்று. குளத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. வரப்பில் இறங்கிக் குந்தினான். பனி இன்னும் தாளில் நின்றது. ஒரு தண்டை விரலால் நீவினான், பக்கத்துத் தண்டை நீவினான், கொக்கு ஒன்று நடந்துபோகும்வரை அதையே பார்த்தான், மறுபடி தண்டுக்கு வந்தான். வெகுநேரம் அப்படியே. எனக்குக் கால் மரத்துப்போயிற்று.

"அக்கா, ஒளிஞ்சது போதும். மரத்துக்கு ரெண்டு பக்கமும் நீதான் தெரியற. வா."

போனேன். அவன் கையில் ஒரு தண்டு இருந்தது. நகத்தால் உறையைக் கீறி விரித்திருந்தான். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, பால்கூடப் பிடிக்காத குட்டிக் கதிர்.

"வெளிய ஒண்ணுமே தெரியல. உள்ள முழுசா இருக்கு பாரேன்" என்றான்.

எனக்கு அதைப் பார்க்கும் நிதானம் இல்லை.

"பாவி, சூல் நெல்லைக் கிள்ளிட்டியேடா. இன்னும் சாப்பாடுகூடப் போடல அவளுக்கு."

சீமந்தம் முடியும்வரை அந்தத் தண்டில் நகம் படக்கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். அவனுக்கும் தெரியும். பார்க்கிற ஆசையில் மறந்துவிட்டான். அவன் முகம் சுண்டிப்போயிற்று. திட்டியிருக்கக் கூடாதோ என்று தவித்தேன். ஆனால் அது படுக்கையில் நான் பார்த்துப் பழகிய முகம் இல்லை. தப்புச் செய்துவிட்டு, அதை எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்கிற முகம். தண்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

"கிள்ளினவன்தான் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லணும். இல்லையா?" என்று கேட்டான்.

நான் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தேன். சில நேரம் வாயை மூடிக்கொள்ள எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதிர்கள்மேல் மட்டும் செம்மண்ணைத் தடவி மறைத்தான். அது காயக் காத்திருக்கும் நேரத்தில் ஹாலம்மா அவள் வீட்டிலிருந்து கத்தினாள். ஈரக் கூடைக்குக் காவல் இருக்காமல் இங்கே வந்து என் கூடைக்கு விளிம்பு போடு என்றாள். போனான். அங்கே இன்னும் மூன்று பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டருக்கு இடம் விடுங்கள் என்று ஒருத்தி நகர்ந்தாள். ஆண்பிள்ளை போட்ட கோட்டில் மீசை முளைக்கும் என்றாள் இன்னொருத்தி. அவன் அதிகம் பேசவில்லை. ஆனால் திரும்பும்போது யாருடைய மகளுக்குக் காய்ச்சல், யாருடைய எருமை சினை என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் பையிலிருந்த தண்டைப் பார்த்துப் பார்த்து, பருத்த தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டான். நாகவேணி பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

பௌர்ணமி விடியலில் அவன் எழுந்திருந்தான். குளித்திருந்தான். ஆனால் முகத்தில் அந்த மூடி மறுபடி விழுந்திருப்பதுபோல் எனக்குப் பட்டது. நாகவேணி கூடையைத் தலையில் ஏற்றினாள். நான் பின்னால் விளக்கை எடுத்துக்கொண்டேன். வரப்புக்கு வந்து பூசை செய்தோம். சோற்றோடு கீரைகளைக் கலந்து வயலில் வீச எடுத்துவந்த கலவையை அவன் கையில் கொடுத்தேன். சுற்றிலும் கூவல்கள் தொடங்கிவிட்டன. அவன் நின்றான். வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கிழக்கு வெளுத்துக்கொண்டே இருந்தது. நாகவேணி கூடையை இறக்கவில்லை. இறக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

சௌடப்பா சட்டைப் பையிலிருந்து காய்ந்துபோன அந்தத் தண்டை எடுத்தான். கிள்ளிய இடத்தில் மண்ணைக் கீறிப் புதைத்தான். அப்புறம் நிமிர்ந்து, எல்லோரும் கூப்பிடுகிறபடி கூப்பிடாமல், பஸ் படியில் நின்று கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான்.

"பூமித்தாயே, வாங்க வாங்க. நண்டு, எலி, கொக்கு எல்லாரும் வாங்க. முன்னால வாங்க, முன்னால வாங்க, எடம் இருக்கு. வயிறு நெறையச் சாப்பிடுங்க. தெரியாமக் கிள்ளிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

குரல் நடுவில் உடைந்தது. மறுபடி கூப்பிட்டான், உடையவில்லை. கலவையை நாலு பக்கமும் வீசினான். பக்கத்து வயல்களில் கூவல் நின்றுபோயிற்று. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹாலம்மாவின் குரல் வந்தது.

"சௌடா, டிக்கெட் எவ்வளவு?"

"புள்ளைத்தாய்ச்சிக்கு டிக்கெட் இல்ல ஹாலி. உனக்கு மட்டும் முழு டிக்கெட்."

அந்தச் சிரிப்பு வயலுக்கு வயல் தாவிப் போனது. நாகவேணி அப்போதுதான் கூடையை இறக்கினாள். வரப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் கடுபை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மாத்திரை இன்னும் இருக்கிறது. மூடி விழுகிற நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களில் தூரிகையை எடுத்துக்கொண்டு ஹாலம்மா வீட்டுக்கோ, ஒன்றும் எடுக்காமல் வயலுக்கோ போகிறான். சாயங்காலப் பஸ்ஸுக்கு மட்டும் போகத் தொடங்கியிருக்கிறான்.

கூடை நாகவேணி வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு நான்தான் இறக்கிக் காட்டுவேன். விளிம்புக்குக் கீழே ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து நிற்கிற ஒரு வரிசை உண்டு. எல்லாக் கூடையிலும் போடுவதுதான். போன வாரம் வெளிச்சத்தில் திருப்பியபோது, அதில் ஒருவன் தோளில் மட்டும் சின்னதாக ஒரு தோல் பை தொங்குவதைக் கண்டேன். வயலுக்குச் சுமந்து போன அன்று அது அங்கே இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவனிடம் எப்போது போட்டாய் என்று கேட்கவில்லை. மத்தியானம் படுத்துக் குறட்டை விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.