மேடத்தின் தம்பி

ஓய்வு பெற்ற பிறகும் அறுவை சிகிச்சைத் துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானும் விலகவில்லை. யார் பேராசிரியரானார், எந்த மாநாட்டில் யார் கட்டுரை வாசித்தார், புது லேப்ராஸ்கோப்பி கருவிக்கு யார் ரிப்பன் வெட்டினார், எல்லாம் வரும். கருவி வந்த அன்று எடுத்த படம் வரும். அது பழுதாகி மூலையில் நிற்கும் படம் வராது. ஆபரேஷன் தியேட்டர் நர்சிங் கண்காணிப்பாளராக இருந்தவளுக்கு அது படம் இல்லாமலே தெரியும்.

என் தம்பிக்குப் பித்தப்பையில் கல் என்றதும் துறைத் தலைவருக்கு மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் குழு முழுவதும் கும்பிடு பொம்மைகள். "மேடத்தின் தம்பி நமக்கும் தம்பி" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஆளிடம் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். தெரிந்த ஆளிடம் சிரிப்பார்கள்.

தம்பி டவுணில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். வார்டில் அவனுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. நோய் விவரம் எழுத வந்த முதுநிலை மாணவர் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். "மேடம் இருக்கும்போது நாங்க என்ன கேக்கப்போறோம்?" மயக்க மருந்து டாக்டர், தம்பியிடம் கேட்க வேண்டியதில் பாதியை என்னிடம் கேட்டார், மீதி நேரத்தில் என் முழங்கால் வலியை விசாரித்தார். கிளம்பும்போது தம்பியிடம் நானே சொன்னேன். "ராத்திரிச் சாப்பாட்டோட சரி. விடிஞ்சா வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது, என்ன?"

"ஆட்டும்க்கா," என்றான்.

மறுநாள் காலையில் தியேட்டர் வாசலுக்குப் போனால், அவன்தான் முதல் கேஸ். தள்ளுவண்டியில் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தான். வண்டியோடு அவன் மனைவியும் நின்றாள். தியேட்டர் பொறுப்பு சிஸ்டர் என்னிடம் வேலை பழகியவள். சோதனைப் படிவத்தை எடுத்து, எதையும் கேட்காமலே டிக் போட ஆரம்பித்தாள்.

"பேரு கேட்டியா?" என்றேன்.

"மேடம், உங்க தம்பிகிட்டப் போய் நான் பேரு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். நான் யாருன்னே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுக் கேளு."

சிரித்துக்கொண்டே கேட்டாள். பேரைச் சொன்னான், அப்பா பேரையும் சேர்த்து. என்ன ஆபரேஷன் என்றதற்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினான். மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை, கட்டுப்பல் கிடையாது.

"கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க அண்ணாச்சி?"

தம்பி அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நடந்ததைச் சொல்லவா, அக்கா சொன்னபடி சொல்லவா?"

"நடந்ததைச் சொல்லுலே," என்றேன்.

"காலம்பற இடியாப்பம். தேங்காப்பால் சொதி ஊத்தி."

"எத்தனை?" என்றாள் சிஸ்டர், பதறிப்போய்.

"எண்ணித் திங்கதுக்கு அது என்ன மாத்திரையா?"

அவன் மனைவி குறுக்கே வந்தாள். "மதினி, ஆப்பரேசன் முடிஞ்சா வெறும் கஞ்சித் தண்ணிதான்னு சொன்னாவ. அதான், தெம்பா உள்ள போவட்டும்னு கொண்டாந்தேன்."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"சொன்னே. அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன். இங்க ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. வாறவ போறவ எல்லாம் 'மேடம் தம்பி'ன்னு சிரிச்சிட்டுல்லா போனாவ."

பட்டினி இருப்பவர்கள் கட்டிலில் தொங்கும் அட்டை அவன் கட்டிலில் தொங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கே பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று டூட்டி நர்ஸ் கூச்சப்பட்டாளாம். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால், கல்லை எடுத்தாலும் ஆள் பிழைப்பது நிச்சயமில்லை. இது அந்த வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும், தம்பியையும் அவன் மனைவியையும் தவிர.

துறைத் தலைவர் வெளியே வந்தார். "பரவாயில்லை மேடம். மூக்கு வழியா குழாய் விட்டு வயித்தைக் காலி பண்ணிட்டு எடுத்துரலாம். உங்களுக்காக…"

அவருக்குப் பின்னால் மயக்க மருந்து டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடியாது என்று அவர் சொல்ல வேண்டியது. தலைவரின் மரியாதையும் என் முழங்காலும் சேர்ந்து அவர் வாயைக் கட்டிவிட்டன.

"எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க சார்," என்றேன். "தெருவில போற ஒருத்தன் இடியாப்பம் தின்னுட்டு வந்து படுத்தா என்ன செய்வீங்க?"

"திருப்பி அனுப்புவோம்."

"அனுப்புங்க."

மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்தார். வண்டியைத் திருப்பினார்கள். பின்னால் கொற்கைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, அதே பித்தப்பைக் கல்லோடு, உதடு காய்ந்து படுத்திருந்தாள். நியாயப்படி அவள்தான் முதல் கேஸ். மேடத்தின் தம்பிக்காக இரண்டாவதாகத் தள்ளியிருந்தார்கள். "இப்பவே கூப்பிடுதாவளா?" என்று அவள் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவளை உள்ளே கொண்டு போனார்கள்.

"அப்பம் எனக்கு இன்னைக்குக் கிடையாதாக்கா?" என்றான் தம்பி.

"அடுத்த தியேட்டர் நாள்."

"அதுக்குள்ள வலி வந்துட்டா?"

"சொதி ஊத்தாம இருந்தா வராது."

அடுத்த முறை கட்டிலில் அட்டை தொங்கியது, இரண்டு பக்கமும். மாணவர் வந்து பிறந்த ஊர் முதல் பீடி சிகரெட் வரை துருவினார். "ஏலே, என் பேரை ஊரே கேட்டாச்சுல்லா!" என்று தம்பி கத்தியது வராந்தா வரை கேட்டது. எனக்குக் காது குளிர்ந்தது. அவன் மனைவி வெறுங்கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் அவனுக்கு முன்னால் வேறு ஆட்கள் இருந்தார்கள். முறை வரும்வரை பசியில் எல்லாரையும் திட்டிக்கொண்டே கிடந்தான்.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

தம்பி என் பக்கம் திரும்பி, "நேத்து ராத்திரிக்கா. உன்னாண," என்றான்.

"எங்கிட்டச் சொல்லாத. கேக்கறது அவ."

அவளிடம் சொன்னான். அவள் எழுதிக்கொண்டு கதவைத் திறந்தாள்.