துரைராஜின் டேங்கரும் தேன்சிட்டும்

எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். கோடை வந்தால் குளிப்பது, துவைப்பது, சாம்பார் வைப்பது எல்லாமே துரைராஜ் கொண்டுவரும் தண்ணீரில்தான். ஆனாலும் போன மே மாதம் வரை அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 'தண்ணி லாரி வந்துடுச்சா?' என்று கேட்போமே தவிர, ஓட்டி வந்தவர் டீ குடித்தாரா என்று கேட்டதில்லை. அவ்வளவு பெரிய மனிதர்கள் நாங்கள்!

துரைராஜுக்கு நாற்பத்து மூன்று வயது, ஊர் இதே மேடவாக்கம். லாரியிலிருந்து எங்கள் சம்ப்புக்கு, அதாவது நிலத்தடித் தொட்டிக்கு, தண்ணீர் இறங்க அரை மணி நேரம் பிடிக்கும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் செல்போனைப் பார்ப்பார்கள். இவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்பக்க வால்வைப் பார்த்தார். அது எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டுக்கு மைனா வந்தது, சின்னான் குருவி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தேன்சிட்டு ஒன்று அந்தரத்தில் சிறகடித்தபடியே குடித்துவிட்டுப் போனது. மனிதருக்கு அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

தாம்பரத்தில் ஒரு கல்யாண போட்டோகிராபர் கழித்துப்போட்ட கேமராவையும் நீள லென்ஸையும் வாங்கினார். முதல் வாரம் எடுத்ததெல்லாம் வெறும் வால்கள். கதவைத் திறந்தால் பறவை பறந்துவிடுகிறது, கேபினுக்குள்ளேயே அசையாமல் இருந்தால் லாரியை அது சட்டை செய்வதே இல்லை. ஜன்னல் விளிம்பில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் லென்ஸை ஊன்றினால் கை ஆடாது. இதெல்லாம் அவராகவே கண்டுபிடித்தது. வால்வை மாற்றச் சொன்ன லாரி ஓனரிடம் "அப்பால மாத்திக்கலாம்ணே" என்று சொல்லிச் சொல்லியே கோடையைக் கடத்தினார்.

ஒருநாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. 'தண்ணி லாரி டிரைவர் பெரிய லென்ஸ் வைத்து பால்கனிகளைப் படம் எடுக்கிறான். லேடீஸ் ஜாக்கிரதை.' போட்டவர் எங்கள் செயலாளர் ராஜாராமன். நானும் முழுதாகப் படிக்காமல் அதற்கு ஒரு லைக் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை லாரியை வாசலிலேயே நிறுத்தினார்கள். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம்.

"கேமராவைக் கொடு. எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டுத் தர்றோம்" என்றார் ராஜாராமன். "இல்லைன்னா நாளைலேர்ந்து வேற லாரி."

வேறொருவராக இருந்தால் கும்பிட்டுவிட்டுக் கொடுத்திருப்பார். துரைராஜ் கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"டெலீட் பண்ணா நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும் சார். எனக்கும் வயசுக்கு வந்த பொண்ணு கீது. அது காதுல இது வுழுந்தா, எந்த மூஞ்ச வெச்சுகினு நான் வூட்டுக்குப் போவேன்? உங்க மீட்டிங் ஹால்ல பெரிய டிவி கீதுல்ல? அதுல போடுங்க. அல்லாரும் பாருங்க. ஒரே ஒரு லேடீஸ் இருந்தாலும் வண்டி சாவியக் குட்த்துட்டு நானே போலீஸுக்கு வரேன்."

போட்டோம். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு படத்தில் தேன்சிட்டின் அலகு நுனியில் ஒற்றைத் துளி, அதன் பின்னால் துருப்பிடித்த வால்வு, டேங்கரில் எழுதிய 'குடிநீர்' பாதி. மூச்சு விடாமல் பார்த்தேன். பால்கனி தெரிந்த படம் ஒன்றே ஒன்று. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கொடியில் காய்ந்த நீலக் கட்டம் போட்ட லுங்கிமேல் ஒரு தையல்சிட்டு உட்கார்ந்திருந்தது. லுங்கி ராஜாராமனுடையது.

"இது எந்த வூட்டு லேடீஸ் சார்?" என்று துரைராஜ் கேட்டார்.

ராஜாராமன் மன்னிப்புக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே. அந்தக் குருவியை நம்ம அசோசியேஷன் காலண்டர்ல போட்டுடலாம். லாரியை மட்டும் கட் பண்ணிட்டு, பின்னாடி பூச்செடி மாதிரி ஏதாவது வெச்சுக்கலாம்."

"லாரிய எடுத்துட்டா குருவி எங்க சார் தண்ணி குடிக்கும்? போட்டா வண்டியோட போடுங்க, இல்ல வுட்டுடுங்க. அதுக்கு மின்ன, என்னைப் பத்தி குரூப்புல எழுதினீங்களே, அதே குரூப்புல தப்புன்னு எழுதுங்க."

ராஜாராமன் எழுதவில்லை. நான் எழுதினேன். 'துரைராஜ் மேல் சொன்னது பொய். அதற்கு லைக் போட்டவர்களில் நானும் ஒருத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் துரைராஜ்' என்று எழுதி, அவரிடம் கேட்டு வாங்கிய தேன்சிட்டுப் படத்தைச் சேர்த்தேன். லாரியோடுதான். காலண்டர் ஜனவரியில் வந்தது, எந்த நாட்டுப் பனிமலையோ அட்டையில்.

துரைராஜ் இன்றும் அதே இடத்தில்தான் லாரியை நிறுத்துகிறார். ஜன்னலை இறக்கி, துண்டை மடித்துப் போட்டு, தையல்சிட்டு வரும் ராஜாராமன் வீட்டுப் பால்கனியை நோக்கியே லென்ஸை நீட்டுகிறார். ராஜாராமன்தான் லுங்கியை ஹாலுக்குள் காயப்போடுகிறார்.