ரத்தாகாத மாற்றுப்பாதை

அந்த பஸ் டிப்போவில் நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்கள். அவர்களில் நூற்றுப் பதினொரு பேர், தலையே போனாலும் நோட்டீஸ் போர்டைப் படிப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள். அந்த போர்டைப் பார்த்துக்கொள்வதுதான் போர்டக்காவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள்.

எந்தத் தெருவில் குழி தோண்டியிருக்கிறார்கள், எந்த சிக்னல் செத்துக் கிடக்கிறது, எந்தப் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது என்று விடிவதற்குள் விசாரித்து, டைப் அடித்து, பச்சைத் துணி போர்த்திய பலகையில் நாலு மூலைக்கும் குண்டூசி குத்தி, கண்ணாடிக் கதவைப் பூட்டிவிடுவாள். சாவி அவள் கழுத்துப் பட்டையில், அடையாள அட்டையோடு தொங்கும். பக்கத்து மேஜையில் ஒரு பதிவேடு இருக்கும். படித்தவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மட்டும் மளமளவென்று விழும். ஒருநாள் தங்கை மகளின் ரேங்க் கார்டை அந்த மேஜையில் மறந்து வைத்துவிட்டாள். டீ வருவதற்குள் பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில் மூன்று டிரைவர்கள் போட்டுவிட்டார்கள். கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருந்த பெண்ணுக்கு அன்றைக்கு மூன்று அப்பாக்கள்.

"ஏன்யா, என்னான்னு பாக்காம போடுவீங்களா?"

"உங்க மேல அவ்ளோ நம்பிக்கைக்கா!"

பின்னே செய்தி எப்படித்தான் தெரியும்? டீக்கடையில் ஒருத்தன் இன்னொருத்தனைக் கேட்பான். "இன்னிக்கு எங்கடா வெட்டி வெச்சிருக்கான்?" அவ்வளவுதான்.

மிஞ்சிய அந்த ஒரே ஒருத்தர் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். பட்டப்பெயர் 'சொன்னபடி'. எது கேட்டாலும் "சொன்னபடி செஞ்சாச்சு" என்பதுதான் பதில். வேலைக்கு இருபது நிமிஷம் முன்னதாக வருவார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவின் மேல் விரலை ஓட்டி ஓட்டி, தேதியிலிருந்து கையெழுத்து வரை படிப்பார். அந்த விரல் தடத்தைத் தினமும் துடைக்கும்போது போர்டக்காவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. நம்மை நம்பியும் ஒரு ஜீவன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் புது மேனேஜர் மேடம் வந்து சேர்ந்தார். வயது நாற்பதுகூட இருக்காது. கையில் எப்போதும் ஒரு அட்டையும் படிவமும். வந்த அன்றே கேட்டார்.

"இந்த போர்டு இன்னும் தேவையாம்மா? எல்லாருக்கும் போன்ல அனுப்பிட்டா போச்சு."

போர்டக்கா கழுத்துச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் தானாகப் பேசிவிட்டது. "என் போர்டுல இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு வந்ததில்ல மேடம்."

"அப்படியா? ஒரு தப்பு கண்ணுல பட்டாலும் எடுத்துடுவேன். டயர் ஸ்டோர்ல ஆள் வேணுமாம், அங்க போய்க்கலாம்."

டயர் ஸ்டோர் டிப்போவின் பின்பக்கம். ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் திரும்பி வந்து பார்த்ததில்லை, ரப்பர் வாசனை மட்டும்தான் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை மேடம் இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு தடத்திலும் தானே ஏறிப் பார்க்கப் போகிறாராம். முதலில் பதினாலு. அதே வெள்ளிக்கிழமை மத்தியானத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அச்சகத்துச் சந்து வாசிகள், நாற்பத்து மூன்று கையெழுத்து. "எங்கள் சந்தின் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரை போட்டுத் தரும்படிப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். பதினான்காம் நம்பர் பஸ் நேரம் தவறாமல் வருவதற்கு நன்றி."

போர்டக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அச்சகத்துச் சந்தில் பஸ் போவதே இல்லை. சைக்கிளுக்கே ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்து அது. யாரோ விளையாடுகிறார்கள் என்று கடிதத்தை மடித்து வைத்தாள். மடித்து வைத்த பிறகும் உள்ளே ஏதோ கரப்பான்பூச்சி மாதிரி ஓடியது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தாள். சந்தின் நடுவில் ஒரு சுவரோரம் யார் வீட்டிலிருந்தோ கொண்டுவந்து போட்ட பெஞ்சு. அதற்கு மேலே கையால் எழுதிய பலகை: 14. கீழே வரிசையாக நேரங்கள். பெஞ்சில் ஒரு பெரியவர் மடியில் மீன்தொட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"இங்கயா பஸ்ஸு?"

"இன்னும் ரெண்டு நிமிஷம். தள்ளி நில்லும்மா, கால் மேல ஏறிடும்."

சரியாக ரெண்டாவது நிமிஷம் சந்து முனையில் பஸ்ஸின் மூஞ்சி தெரிந்தது. மாடிகளில் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. கொடியில் காய்ந்த பேண்ட் ஒன்று சரசரவென்று உள்ளே போனது. பக்கக் கண்ணாடிகளை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்த குண்டு மனிதர் மாதிரி பஸ் உள்ளே வந்தது. ஸ்டியரிங்கில் சொன்னபடி.

"அக்கா! நீங்களா! ஏறுங்க ஏறுங்க."

"இந்தச் சந்துல உங்களுக்கு என்னங்க வேலை?"

"நீங்கதானக்கா போகச் சொன்னீங்க."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நகல் தாளை எடுத்து நீட்டினார். நோட்டீஸ் எண் அறுபத்தொன்று. தேதியைப் பார்த்தாள். இரண்டு வருஷம் ஏழு மாசம் ஆகியிருந்தது. குடிநீர்க் குழாய் வேலை காரணமாகப் பதினான்காம் நம்பர் பஸ்கள் மறு அறிவிப்பு வரும் வரை அச்சகத்துச் சந்து வழியாகச் செல்லவும். கீழே அவள் கையெழுத்து, சுழியோடு.

"அந்தக் குழாய் வேலை பத்தே நாள்ல முடிஞ்சுதேங்க!"

"இருக்கலாம். மறு அறிவிப்பு வரலியே. தினமும் பாத்துட்டுதான இருக்கேன்."

பஸ் நின்றுகொண்டிருந்தது, போர்டக்காவின் தலை ஓடியது. அந்தப் பத்து நாளும் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு லீவு போட்டிருந்தாள். திரும்பி வந்தபோது சாலை திறந்திருந்தது, கண்ணில் பட்ட பஸ்களும் பழைய வழியில் போய்க்கொண்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினாலின் இன்னொரு பஸ்ஸை ஓட்டுகிறவன் போர்டைப் படித்துச் சந்துக்குப் போனவன் இல்லை, அதனால் படித்து வெளியே வரவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. படித்த ஒரே மனிதர்தான் உள்ளே மாட்டிக்கொண்டார்.

"கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமா? ரெண்டு சிக்னல் மிச்சம்கா. டைமுக்குப் போயிடுறேன். மொதல்ல கல்லெடுத்து அடிக்க வந்தாங்க. இப்ப அந்த மூணாவது மாடியம்மா என் வண்டிச் சத்தத்த வெச்சுதான் பிள்ளைங்கள எழுப்புறாங்க."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பல்செட் செய்கிறவர். மேஜையின் மறுபாதியில் எட்டு பல்செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன.

"சிரிக்காதீங்க," என்றாள் பொதுவாக.

"நான் சிரிக்கல, அதுங்கதான்," என்றார் அவர் அரத்தை ஓட்டியபடி. "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? மூணு வரில ரத்துன்னு ஒரு நோட்டீஸ் போடு. அந்த மனுஷன் படிப்பாரு, மறுபேச்சு பேசாம ரோட்டு மேல போவாரு. உங்க மேடம் ஏறும்போது எல்லாம் சுத்தம்."

"அந்தச் சந்துக்காரங்க?"

"கூரை கேட்டவங்களுக்கு பஸ்ஸே இல்லேன்னா பாவம்தான். ஆனா டயர் ஸ்டோர்ல நீ உக்காந்துட்டு வந்தா, உன் பக்கத்துல படுக்கப் போறவன் நானு."

திங்கட்கிழமை விடியற்காலை டிப்போவில் ஆள் வருவதற்கு முன் ரத்து நோட்டீஸைக் குத்திப் பூட்டினாள். பூட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் மீன்தொட்டிப் பெரியவர், எழுந்தால் மூன்றாவது மாடியம்மா. தப்புச் செய்தது நான், நடக்கப் போகிறது அவர்களா? ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுத் திருகினாள். இருபத்திரண்டு வருஷம் வெண்ணெயாகத் திறந்த பூட்டு, பாதி திரும்பி நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. கேட்டில் சாப்பாட்டு டப்பாவோடு சொன்னபடி வருவது தெரிந்தது.

போர்டக்கா திரும்பி நின்று, இரண்டு கையையும் விரித்து, போர்டை முதுகால் மூடிக்கொண்டாள்.

"நகருங்கக்கா, படிக்கணும்."

"இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க."

"வெள்ளையா ஒரு தாள் தெரியுதே."

"அது... பழசு."

பின்னால் வந்த ஒருத்தன் நின்றான். "என்னக்கா, போர்ட மறைக்கிறீங்க?" அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். "டேய், அக்கா எதையோ மறைக்கிறாங்கடா! டியூட்டி லிஸ்டா?" டீக்கடை காலியானது. "டிரான்ஸ்பரா?" "யார யாரடா தூக்கியிருக்காங்க?" இருபத்திரண்டு வருஷத்தில் அந்த போர்டின் பக்கம் தலைவைத்துப் படுக்காத டிரைவர்கள், சினிமா டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி முண்டியடித்தார்கள். ஒருத்தன் அவள் கையிடுக்கில் தலையை நுழைத்தான், ஒருத்தன் மேஜைமேல் ஏறினான்.

"படிங்கன்னு கத்துனேனே, அப்பல்லாம் எங்கய்யா போனீங்க! இப்ப படிக்காதீங்க! தயவு பண்ணி படிக்காதீங்க!"

"நோட்டீஸ் எண் அறுபத்தொன்று..." மேஜைமேல் நின்றவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தான், "...இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. இவ்ளோதானா? அட, சப்புன்னு போச்சே!"

கூட்டத்துக்குப் புசுக்கென்று காற்று இறங்கியது. சொன்னபடி மட்டும் நகர்ந்து கொடுத்த இடைவெளியில் நிதானமாகத் தேதியிலிருந்து கையெழுத்து வரை படித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"இங்க என்ன கூட்டம்?" மேனேஜர் மேடம், அட்டையும் படிவமுமாக.

போர்டக்கா மேடத்துக்குப் பின்னாலேயே போய்ப் பதினாலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நைட் டியூட்டி முடிந்த நர்சுகளும் வாட்ச்மேன்களும் ஏறி, உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப் போனார்கள். அடுத்த நிறுத்தத்தில் அவளால் அடக்க முடியவில்லை. லீவிலிருந்து கையெழுத்துச் சுழி வரை அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

மேடத்தின் பேனா படிவத்தின் மேல் அப்படியே நின்றது. "ரெண்டு வருஷம் ஏழு மாசமா? ஒருத்தரும் கவனிக்கலையா?"

"ஒருத்தர்தான் கவனிச்சாரு மேடம். அதான் பிரச்சினை."

சந்து முனை வந்தது. பஸ் திரும்பாமல் நேராகப் போனது. திரும்பும்போது வரும் அந்தக் குலுக்கல் இல்லாததாலேயே முழித்துக்கொண்ட மாதிரி, பாதிப் பஸ் எழுந்து நின்றது.

"டிரைவரண்ணே! எங்க போறீங்க?"

"எங்க சந்து அங்க இருக்கு!"

"தூக்கமா அண்ணே? தூங்க வேண்டியது நாங்க!"

மேடம் திரும்பித் தலைகளை எண்ணினார். நின்றவர்கள் இருபத்தாறு, உட்கார்ந்தவர்கள் ஒன்பது. எழுந்து முன்னால் போனார். "டிரைவர், சந்துக்குள்ளயே விடுங்க."

"முடியாது மேடம். ரத்து."

"நான் மேனேஜர் சொல்றேன்."

"எழுத்துல குடுங்க மேடம்." இண்டிகேட்டரைப் போட்டு ஓரமாக நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டார். பின்னால் கார்கள் ஹாரனில் ஒப்பாரி வைத்தன. மேடம் ஒரு கணம் அவரையே பார்த்தார். உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தாள் போர்டக்கா. இல்லை, சிரிப்பு.

"எழுதும்மா," என்று சோதனைப் படிவத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தார். "உன் வேலைதான இது? போன்ல அனுப்பினா இந்தாளு ஏத்துக்குவாரா?"

"ப்ரிண்ட் எடுத்துட்டு வாங்கம்பாரு மேடம்."

போர்டக்கா எழுதினாள். பேனா தாவியது, நர்சு ஒருத்தி தோள் வழியாக எட்டிப்பார்த்து "சந்துக்கு 'ந்'தான், சரியா போட்டிருக்கீங்க, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினாள். பதினான்காம் நம்பர் பஸ்கள் இரண்டும் இனி நிரந்தரமாக அச்சகத்துச் சந்து வழியாகச் செல்லும். மேலிடத்து ஒப்புதலைத் தானே வாங்குவதாகச் சொல்லி மேடம் கீழே கையெழுத்துப் போட்டார். சொன்னபடி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, விரலை ஓட்டிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"தேதி போடலியேக்கா."

"ஐயோ, குடுங்க!"

தேதி விழுந்தது. கண்ணாடிகள் மடங்கின. இருபத்தாறு பேரும் "ரைட்ஸ்ஸ்" என்று கத்த, பஸ் பின்வாங்கி, வளைந்து, சந்துக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தது. பெஞ்சைச் சுற்றி ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொருமி நின்றது. மேடம் படிக்கட்டில் காலை வைத்ததுதான் தாமதம், குடையை நீட்டிக்கொண்டு ஒரு அம்மா முன்னால் வந்தாள்.

"ஏழு நிமிஷம் லேட்டு! இந்தச் சந்துக்குன்னு கேக்க நாதி இல்லேன்னு நினைச்சீங்களா? இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு?"

போர்டக்கா மேடத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் குதித்தாள். சிரிப்பு பீறிட்டு வந்ததில் வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

"நான்தாங்க! நானேதான்!"