நாலாவது ஆள் தாவிய நேரம்

போன வாரம் வீட்டுக்குப் புது டிவி வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோல் உடைந்து, வெள்ளை மணிகள் கூடம் முழுக்கப் பறந்தன. மனைவி துடைப்பத்தை எடுத்தாள். அவை துடைப்பத்துக்கு முன்னால் ஓடின. பொருத்த வந்தவர் ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலைப் போட்டுப் பார்த்தார். பனி மூடிய மலைச்சரிவு. காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்ட ஒருவன் சறுக்கி வந்து சட்டென்று காற்றில் ஏறினான். ஆண்கள் குழுப் போட்டியாம்.

"கேபிள் ஒயரை எங்கப்பா சொருகணும்?" என்று கேட்டேன்.

"ஒயரெல்லாம் ஏது சார் இப்ப? வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க."

பதினோரு வருடம் கேபிள் ஒயரால் சோறு தின்றவனிடம் இப்படிச் சொல்லலாமா? கண் திரையிலேயே இருந்தது. அந்தப் பறத்தலை எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன்பு நான் கருவடிக்குப்பத்தில் ஒரு கேபிள் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தேன். பெயர்தான் கண்ட்ரோல் ரூம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடியறை, இரண்டு அலமாரி நிறைய ரிசீவர்கள், ஒரு பழைய கம்ப்யூட்டர். சூடேறிய தூசியின் வாசனை என் சட்டையோடு வீட்டுக்கும் வரும். எங்களுக்கென்று ஓர் உள்ளூர்ச் சேனல் இருந்தது. அதில் பாட்டு ஓடும், குழந்தைகளின் பிறந்தநாள் போட்டோ வரும். திரையின் அடிப்பகுதியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்: ஆடித் தள்ளுபடி, காணாமல் போன சாவிக்கொத்து, அப்புறம் சாவுச் செய்தி. உழவர்கரை வரைக்கும் யார் செத்தாலும் டாக்டருக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு என்றால் நம்புவீர்களா?

பிறந்தநாள் வாழ்த்தை நிறுத்தலாம், தள்ளுபடியை நிறுத்தலாம். சாவுச் செய்தியை மட்டும், எடுக்கிற நேரம் வரைக்கும் நிறுத்தக் கூடாது. முதலாளி வைத்த சட்டமல்ல, ஊரே வைத்துக்கொண்டது. வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த எழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபிலோமினாக்கா மாடியேறி வந்தார். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; அக்காவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்தவர். மகன் அருளும் அதே பட்டாளத்துக்குப் போய் நாலு வருடமாகியிருந்தது. இடையில் அப்பா இறந்தபோதுகூட அவனுக்கு வர வாய்க்கவில்லை.

"தம்பி, நாளைக்கி அருளு டிவில வர்றான்யா. பனி மலையில ஏதோ ஒலகப் போட்டியாம். குதிக்கிறவங்க எறங்குற எடத்துல பட்டாளத்துக்காரங்கதான் பனிய மிதிச்சி மிதிச்சி சமமாக்குறாங்களாம். நீல ஜாக்கெட்டு, வரிசையில ரெண்டாவது ஆளு. அந்த பிரெஞ்சு சேனல மட்டும் போட்டுடுய்யா."

"தனிச் சேனலா போட எடமில்லக்கா. நம்ம லோக்கல் சேனல்லயே போட்டுடறேன்."

"மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை உழவர்கரையில் முனுசாமி என்ற பழைய மில் தொழிலாளி இறந்துபோனார். மாலை ஆறு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எழுதி ஓடவிட்டேன். நாலரைக்குப் போட்டி ஆரம்பித்தது. ஒரு நாட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு தாவல், எல்லாத் தூரத்தையும் அழகையும் சேர்த்துக் கூட்டி மார்க். முதல் சுற்று முடிகிற சமயம் ஃபிலோமினாக்கா வீட்டிலிருந்து போன்.

"பசங்க கீழதான்யா நிக்கிறாங்க. அந்த எழுத்து அவங்க மேலயே ஓடுது. தொப்பிதான் தெரியுது. எடுத்துடேன்யா, சித்த நேரம்!"

நாலு வருடமாக மகனைப் பார்க்காத தாய். இரண்டு நிமிடம்தானே என்று எடுத்தேன். அப்போது மணி ஐந்து.

எடுத்தவன் அந்தத் திரையில் தொலைந்துபோனேன். இரண்டாம் சுற்றின்போது அங்கே பனி கொட்ட ஆரம்பித்தது. உச்சியில் ஒரு கட்டையில் உட்கார்ந்து ஒவ்வொருவனும் காற்று அடங்கக் காத்திருந்தான். கீழே பயிற்சியாளர் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கொடி இறங்கினால்தான் கிளம்ப வேண்டும். இறங்கவே இல்லை. அந்த இடைவெளி முழுக்க கேமரா சரிவில் நின்றவர்களையே காட்டியது. நீல ஜாக்கெட்டுகள் பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துப் பனியை மிதித்தபடி இறங்கின. அப்புறம் கொடி விழுந்தது. ஒருவன் வந்தான், பலகைகளை விரித்தான், உடம்பை முன்னால் சாய்த்துக் காற்றின் மேல் படுத்துக்கொண்டான். விழவே மாட்டான்போல இருந்தது. அடுத்தவன், அதற்கடுத்தவன். மின்விசிறி ஓடாத அந்த ஆஸ்பெஸ்டாஸ் வெக்கையில் எனக்குக் குளிர்ந்தது. எந்த நாடு ஜெயித்தது என்று இன்றுவரை தெரியாது. கடைசி நாட்டின் நாலாவது ஆள் மட்டும் தரைக்கு வர மனமில்லாமல் மிதந்து மிதந்து, கோடுகளையெல்லாம் தாண்டிப் போய் இறங்கினான். தனியாக உட்கார்ந்து நான் கை தட்டினேன்.

கடிகாரத்தைப் பார்த்தபோது ஆறேகால்.

எழுத்தைத் திரும்ப ஓடவிட்டேன். இனி அதை யார் பார்த்து என்ன?

பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஃபிலோமினாக்காவின் எதிர்வீட்டுக் கண்ணப்பன். மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தார். அன்று ஐந்து மணிக்கு வேலை முடிந்து நேராக ஃபிலோமினாக்கா வீட்டுக்கு வந்து, தெருக்காரர்களோடு உட்கார்ந்து போட்டி பார்த்திருக்கிறார். அங்கே வேறு யாருக்கும் முனுசாமியைத் தெரியாது. கண்ணப்பனோ அவருடன் பக்கத்துத் தறியில் இருபத்தாறு வருடம் நின்றவர். எழுத்தைப் படித்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள்.

மறுநாள் அவர் மாடியேறி வந்தார். அடிக்கட்டும் என்றுதான் எழுந்து நின்றேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"ஃபிலோமினா புள்ளைய பாத்துட்டா. டிவி கண்ணாடிய தடவிக்கினே இருந்தா."

"தெரியாம பண்ணிட்டேண்ணே."

"கடைசியா ஒருத்தன் பறந்தானே, அவ்ளோ தூரம். நான் எழுந்து நின்னு கை தட்டினேன்டா. அந்நேரம் அங்க முனுசாமிக்கு வாய்க்கரிசி போட்டுக்கினு இருந்திருப்பாங்க." படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார். "என் வூட்டு ஒயர கழட்டிடு."

நான்தான் போய்க் கழற்றினேன். அவர் திண்டில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மகனைப் பார்த்த சந்தோஷத்தில் ஃபிலோமினாக்கா எனக்குக் கொடுத்தனுப்பிய கேக்கை வாங்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் தெருவில் நின்றேன். அதற்கப்புறம் எத்தனை முறை எதிரில் வந்திருப்பார்! ஒரு தடவையாவது மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே வருடங்கள் போய்விட்டன.

அந்த மாடியறை இப்போது துணி தைக்கும் கடை. உள்ளூர்ச் சேனல் நின்றுபோனது, மின்கம்பங்களில் தொங்கிய எங்கள் கறுப்பு ஒயர்களை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள். இப்போது சாவுச் செய்தி அவரவர் குடும்பக் குரூப்பில் வருகிறது. நான் தவளக்குப்பம் பக்கம் குடிவந்து பல வருடமாகிறது. நான் இருக்கும் எந்தக் குரூப்பிலும் கண்ணப்பனுக்கு வேண்டியவர்கள் இல்லை. சென்ற ஆண்டு மார்க்கெட்டில் கருவடிக்குப்பத்துக்காரர் ஒருவரைப் பார்த்தபோது, "கண்ணப்பண்ணன் நல்லா இருக்காரா?" என்று கேட்டேன்.

"கருமாதியே முடிஞ்சி மூணு மாசமாவுதே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.