தக்காளி அறையின் ஜன்னல்

“என் அறைக்குள்ள என் நிழல் வரணும்னாகூட என்கிட்ட அனுமதி கேட்கணும்” என்று வியாபாரிகள் கூட்டத்தில் மைக் பிடித்து அறிவித்தவர் அவர். தக்காளியை வில்லை வில்லையாக வெட்டி, சூடான அறையில் காயவைத்து, சூப் பொடி கம்பெனிக்கு விற்பது அவர் தொழில். அறைக்கு இரண்டு பூட்டு போட்டிருந்ததால் தெருவில் அவருக்குப் பூட்டார் என்றே பெயர். உலகம் எட்டிப் பார்த்துத் தொழில் ரகசியத்தைத் திருடிவிடுமோ என்று ஜன்னலையும் தார்ப்பாயால் அடைத்தார். ரகசியம் இன்னதென்று மனைவிக்குத் தெரியாது. அவருக்காவது தெரியுமா என்பது மனைவியின் நெடுநாள் சந்தேகம்.

ரகசியம் பத்திரமாக இருந்தது. தக்காளிதான் இல்லை. பூஞ்சை பிடித்து இரண்டு தடவை சரக்கு திரும்பி வந்தது. இன்னொரு தடவை வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனிக்காரர் மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டார். அந்த ஒரே கம்பெனியை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. பூட்டார் தீர விசாரித்து, குற்றவாளி தக்காளியே என்று தீர்ப்பளித்தார்.

மனைவி மேல்முறையீட்டுக்குப் போனார். அடுத்த தெருவில் காளான் வளர்க்கும் தன் தம்பியை அழைத்துவந்து அறை வாசலில் நிறுத்தினார். பூட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டைத் திறந்தார். மச்சினன் உள்ளே போய்த் தட்டுகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“மாமா, நான் ராப்பகலா தண்ணி தெளிச்சாதான் ஏதோ கொஞ்சம் முளைக்குது. நீங்க சும்மா பூட்டியே வளர்க்குறீங்களே.”

பிறகு கிண்டலை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். தக்காளியிலிருந்து கிளம்பும் ஈரம் வெளியேற வழியில்லை. தார்ப்பாயைக் கழற்றி, கூரைக்குக் கீழே ஒரு விசிறி வைத்தால் போதும். பதிலுக்கு, விற்காமல் மிஞ்சும் காளானைக் காயவைக்க அவனுக்கு இரண்டு தட்டு வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று பூட்டார் இழுத்தார்.

“பார்க்கட்டுமே” என்றார் மனைவி. “தக்காளி வெட்டிக் காயவைக்கிறீங்க. அதைத் தாண்டி உள்ள என்னங்க இருக்கு?”

பூட்டார் வெகுநேரம் யோசித்தார். யோசித்தும் எதுவும் கிடைக்கவில்லை. தார்ப்பாய் இறங்கியது.

அடுத்த சரக்கு அப்பளம்போல மொறுமொறுவென்று போனது, திரும்பி வரவில்லை. கூடவே போன காளானையும் மாதாமாதம் அனுப்பச் சொன்னது கம்பெனி.

ஒரு நாள் காலை, தக்காளித் தட்டின் மேல் ஒரு நிழல் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர் பின்தெருத் தக்காளிக்காரர்; பல வருஷப் போட்டியாளர். அவர் சரக்கிலும் பூஞ்சையாம்.

நிழல் அனுமதி எதுவும் கேட்கவில்லை. பூட்டார் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, திறந்திருந்த கதவருகே ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.